சுடாத அடுப்பு

கோபம் வந்தால் மின்னலுக்கு வார்த்தை வராது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கும், அவளுக்கு அடைத்துக்கொள்ளும். சாதாரண நாளிலேயே அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் நாலு கொட்டாவி விட்டுவிடுவார். கொட்டாவி விடுகிறவர்களாவது தேவலை. மற்றவர்கள் இருக்கிறார்களே, "தண்ணி வேணுமா? பசிக்குதா? அம்மாகிட்ட போகணுமா?" என்று அவள் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லி, தாங்களே தலையாட்டி, தாங்களே தண்ணீரையும் கொண்டுவந்து கையில் திணித்துவிடுவார்கள். அவள் கேட்க வந்ததோ ஜன்னலைத் திறக்கச் சொல்லி.

மின்னல் என்று கூப்பிட ஆரம்பித்தது அவள் அப்பா. பிறந்ததிலிருந்தே அவளுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வந்தது. தலை நின்றது மெதுவாக, நடை அதைவிட மெதுவாக, பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியாக. யாராவது பாவப்பட்டுப் பார்த்தால் அப்பா சொல்வார்: "என் பொண்ணு மின்னல் மாதிரி. எப்ப வருவான்னு சொல்ல முடியாது. வந்தா எல்லாரும் திரும்பிப் பாத்துத்தான் ஆகணும்." அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது, கொஞ்சம் கேலி போலவும் கொஞ்சம் ஆசீர்வாதம் போலவும்.

அவள் படித்த சிறப்புப் பள்ளியில் ஒரு மாதிரி வீடு இருந்தது. பெரிய பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே போய்த் தனியாக வாழப் பழக வேண்டும் என்று கட்டியது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சமையல் மேடை, அதன்மேல் பளபளவென்று ஓர் அடுப்பு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தலைமையம்மா முதலில் கூட்டிக்கொண்டு வருவது அங்கேதான்.

அந்த வீட்டின் அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். குழாயில் தண்ணீர் கிடையாது. தரை நனைந்தால் யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களாம். கதவில் பூட்டு கிடையாது. காய்கள் பிளாஸ்டிக். வெட்டினால் இரண்டாகும், சேர்த்து வைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரே கத்தரிக்காயைப் பள்ளிக்கூடம் முழுக்க வெட்டியிருக்கிறது. அடுப்புக்கு கேஸ் கிடையாது. பாத்திரத்தை வைக்க வேண்டும், திருகைத் திருப்ப வேண்டும், "பத்திக்கிச்சு" என்று சொல்ல வேண்டும். பிறகு அங்கேயே மலைத்துப்போய் நிற்காமல், கொதிக்கிற நேரத்தில் போர்வையை மடித்து வைக்க வேண்டும். திரும்பி வந்து "கொதிச்சாச்சு" என்று திருகை மூட வேண்டும். விருந்தாளி இருந்தால் "வாங்க, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக் கோப்பையை நீட்ட வேண்டும். விருந்தாளிகள் அந்தக் காலிக் கோப்பையை உதட்டில் வைத்து உறிஞ்சுவது போல் சத்தம் கொடுத்து, "பிரமாதம்!" என்பார்கள்.

மின்னல் மூன்று வருடம் பிரமாதமான டீ போட்டாள். மாதிரி வீட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுடைய சிநேகிதியை எல்லாரும் ஜட்ஜம்மா என்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தீர்ப்பு சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. யார் பேசினாலும் குறுக்கே வெட்டுவாள், மின்னல் பேசும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு கடைசி எழுத்து வரை காத்திருப்பாள். சிநேகிதம் என்பதற்கு மின்னலுக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

பள்ளி முடிந்ததும் இவர்கள் இரண்டு பேரையும்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியைப் பள்ளியே வாடகைக்கு எடுத்தது. மாடியில் வீட்டுக்காரர். ஒரு மாதம் தகராறில்லாமல் குடித்தனம் நடத்தினால் வீடு அவர்களுக்கு. ஏதாவது ஏடாகூடம் ஆனால் அவரவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு.

அவரவர் வீடு என்றால் மின்னலுக்கு என்னவென்று தெரியுமா? டிவிக்கு எதிரே போட்ட கட்டில். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை, "உள்ள விழுந்துட்டா யார் கதவை உடைக்கிறது?" என்று அம்மா கழற்றிவிட்டாள். சமையலறை வாசற்படிதான் எல்லை. "அடுப்பு பக்கம் வராதே!" என்ற குரல் கேட்காத நாள் கிடையாது. அந்தப் படியில் நின்று அவள் பார்த்ததெல்லாம் அம்மாவின் முதுகு. அடுப்பிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அது திருகினால் தானாகப் பற்றிக்கொள்ளும் அடுப்பு. "நான் இருக்கற வரைக்கும் உனக்கு என்னடி குறை?" என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் செல்போனை எடுத்துக் குனிந்துகொள்வான். நீ இல்லாதபோது என்ற கேள்வி மின்னலின் வாயில் எப்போதும் பாதி தூரம் வரும்.

புது வீட்டில் அவள் முதலில் பார்த்தது குளியலறைத் தாழ்ப்பாள். உள்ளே போய்ப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள்.

"ஏய், உள்ள குடித்தனம் பண்றியா? எனக்கு அவசரம்டி!" என்று ஜட்ஜம்மா வெளியிலிருந்து கத்தினாள்.

"போட்டு... இருக்கேன்" என்றாள் மின்னல், உள்ளேயிருந்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவளுக்காகக் கதவுக்கு வெளியே காத்திருந்தார்.

மறுநாள் காலை டீ போடுவது மின்னலின் முறை. மேடை உயரம்; நாற்காலியிலிருந்து ஜட்ஜம்மாவுக்கு எட்டாது. மின்னல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். நிஜத் தண்ணீர், கையெல்லாம் நனைந்தது. அடுப்பில் வைத்தாள். திருகைத் திருப்பினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. பள்ளி அடுப்பில் சத்தமே வராது, அம்மாவின் அடுப்பில் 'டிக்' என்று வரும். இது 'உஸ்' என்கிறது, வீட்டுக்கு வீடு வாசற்படி. "பத்திக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, கற்றுக்கொடுத்தபடியே அறைக்குப் போய்ப் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். நான்கு முனையும் சரியாக வரும்வரை மடித்தாள். அதில் அவளுக்கு அவசரமே கிடையாது.

கேஸ் தரையோடு தரையாகத்தான் வரும். தாழ உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது.

"என்னடி நாத்தம் இது? மின்னல்! அடுப்பை மூடு! ஸ்விட்சுல கை வைக்காதே! ஜன்னலைத் திற, கதவைத் திற!" ஜட்ஜம்மா போட்ட சத்தத்தில் தெரு நாயெல்லாம் குரைத்தது. மின்னல் மூடினாள். திறந்தாள். சொன்னதையெல்லாம் செய்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாடிக்காரர் ஈரத் துண்டோடு இறங்கி ஓடி வந்துவிட்டார்.

"அய்யய்யோ, வீட்டையே கொளுத்தப் பாத்தீங்களே! அப்பவே என் சம்சாரம் சொன்னா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வீடு கொடுக்காதீங்கன்னு!"

"கொளுத்தலை சார். கொளுத்தாததுதான் தப்பு" என்றாள் ஜட்ஜம்மா.

"வாயைப் பாரு!" அவர் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். போகிற போக்கிலேயே பள்ளிக்கு போன் செய்தார்.

நண்பகலுக்குள் எல்லாரையும் மாதிரி வீட்டில் கூட்டிவிட்டார் தலைமையம்மா. மின்னலின் அம்மா கண்ணைத் துடைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜட்ஜம்மா நாற்காலியைக் கதவுக்கு நேராக நிறுத்திக்கொண்டாள், யாரும் ஓடிவிடக் கூடாது என்பது போல.

"நாங்க என்ன குறை வச்சோம் சொல்லுங்கம்மா" என்றார் தலைமையம்மா, மின்னலை விட்டுவிட்டு அவள் அம்மாவைப் பார்த்து. "மூணு வருஷம். இதே அடுப்பு. தினம் தினம் சொல்லிக் கொடுத்தோம். சில பிள்ளைங்களுக்கு மண்டையில ஏறாது. அது அவ தப்பும் இல்ல, நம்ம தப்பும் இல்ல."

"ஆமா மேடம்" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் இப்போதைக்கு வீட்டுக்குப் போகட்டும். மின்னல் மறுபடி இங்க வந்து பயிற்சி எடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"சரிங்க மேடம்."

மின்னலுக்குக் காது சூடானது. "இல்... இல்..." என்றாள்.

"இல்லை, வேண்டாம், வீட்டுக்கே போறேன்னு சொல்றா" என்றார் தலைமையம்மா கனிவோடு.

"இல்...!" அவள் கால் தரையில் ஓங்கி விழுந்தது.

"கோபப்படக் கூடாது கண்ணா. போ, போய் அமைதி நாற்காலியில உட்காரு."

மூலையில் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த பச்சை நாற்காலி அது. கோபம் வந்த பிள்ளைகள் அதில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் சிரிக்கிற சூரியன் படம் ஒன்று இருக்கும். எத்தனையோ வருடக் கோபத்தை மின்னல் அந்தச் சூரியனிடம் விழுங்கியிருக்கிறாள்.

அவள் நாற்காலியை நோக்கி நடந்தாள். அதைத் தாண்டியும் நடந்தாள். சமையல் மேடைக்கு வந்தாள். பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். திருகைத் திருப்பினாள். "பத்திக்கிச்சு" என்றாள். எல்லாரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் பாத்திரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து பர்னர்மேல் அழுத்தி வைத்தாள்.

"அடியே!" அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பெற்றவள் அல்லவா, கேஸ் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கால்கள் யோசிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். மின்னல் கொடுக்கவில்லை.

"சுடல" என்றாள் மின்னல்.

அம்மா இழுப்பதை விட்டாள்.

"சுடல. மூணு வருஷம்... சுடல. பத்திக்கிச்சு சொன்னா... போதும்னு... சொன்னீங்க." மூச்சு வாங்கியது. "நான் சொன்னேன்."

ஜட்ஜம்மா கைதட்டினாள். ஒரே ஒரு தட்டு. யாரையோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

தலைமையம்மாவின் முகம் சிவந்தது. "பாதுகாப்புக்காகத்தான்மா இப்படி. நிஜத் தீயை வச்சு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இன்னைக்கே ஆச்சே மேடம். யார் பதில் சொல்றாங்க?" என்றாள் ஜட்ஜம்மா. "காலி கப்புல டீ குடிச்சவங்கல்லாம் எங்க? வரச் சொல்லுங்க, கேப்போம்."

"நீ சும்மா இரு."

"சும்மாதானே உக்காந்திருக்கேன். பொறந்ததுலேருந்து."

தலைமையம்மா மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தார். கடைசியில், "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா இருங்க" என்றார். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நன்றாகத் தெரிந்ததால் வந்த பெருந்தன்மை அது. பூனைக்கு மணி கட்டும் வேலையை எலியிடமே கொடுத்தாயிற்று.

மூவரும் தெருவில் இறங்கினார்கள். ஜட்ஜம்மா சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். மின்னல் பர்னர் கரி ஒட்டாத தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நடந்தாள். பாதி தூரத்தில் நின்றாள்.

"அம்மா. உனக்கு... தெரியுமா? அதுல... தீ இல்லன்னு?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தெரியும்."

"நீயும்... வந்தியே. விருந்தாளி... நாள். நான் டீ... கொடுத்தேனே."

"ஆமாடி. குடிச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்." அம்மா மகளின் உள்ளங்கையைப் பார்த்தாள். "என்ன பண்ணச் சொல்ற? உன் கை தீ பக்கம் போகலைன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இங்கயாவது பத்திரமா விளையாடட்டுமேன்னு..."

விளையாட்டு! மூன்று வருடம் நெற்றி வியர்க்க அவள் படித்த படிப்பு அம்மாவுக்கு விளையாட்டு. பள்ளிக்காரர்கள் ஏமாற்றினால் அது ஊர் வழக்கம். காலிக் கோப்பையை வாங்கி, கண்ணைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன உதடு பெற்ற தாயின் உதடு. மின்னலுக்கு அழுகை வந்திருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், அணைத்துக்கொண்டிருப்பாள். அழுகை வரவில்லை. மின்னல் திரும்பி விடுவிடுவென்று நடந்தாள். அவளுக்கு விடுவிடு என்றால் மற்றவர்களுக்குச் சாதாரண நடைதான், ஆனாலும் அம்மா பின்தங்கிப் போனாள்.

மாடிக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். "சாமானெல்லாம் எடுக்க வந்தீங்களா?"

"சிலிண்டரை... கொண்டு..."

"கொண்டு போறீங்களா? அது என் சிலிண்டர்மா!"

"சார், அவ பேசி முடிக்கட்டும்" என்றாள் ஜட்ஜம்மா. "உங்களுக்கென்ன ரயிலா போகுது?"

மின்னல் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். "சிலிண்டரை... கொண்டு வாங்க. நான் பத்த... வைக்கிறேன். நீங்க நின்னு... பாருங்க. தப்பா செஞ்சா... நானே போயிடறேன்."

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜட்ஜம்மாவை, பிறகு பின்னால் நின்ற தாயை. அந்தம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சீக்கிரம் முடிகிற வேலைதான், முடியட்டுமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முனகிக்கொண்டே மேலே போய் சிலிண்டரைத் தூக்கி வந்து, ரெகுலேட்டரை மாட்டினார். தீப்பெட்டி கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கமாகவே நின்றுகொண்டார், ஓட வசதியாக.

காலையில் ஜட்ஜம்மா திட்டிக்கொண்டே சொன்னது மின்னலின் தலைக்குள் இருந்தது: "முதல்ல நெருப்பு, அப்புறம்தான் கேஸ், கழுதை!" கழுதை உட்பட அத்தனையும் மறக்கவில்லை.

முதல் குச்சி உரசும்போதே ஒடிந்தது. மாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். இரண்டாவது பற்றியது, பற்றிய திகைப்பில் அவள் விட்ட மூச்சிலேயே அணைந்தது. திருகில் அவள் கை வைக்கவே இல்லை. ஜட்ஜம்மா அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். மூன்றாவது குச்சி நன்றாக எரிந்தது. இடது கை திருகைத் தேடியது. அந்தக் கை எப்போதுமே சொன்ன பேச்சை உடனே கேட்காது. திருகு கிடைப்பதற்குள் தீ விரலுக்கு வந்துவிட்டது. சுட்டது. அவள் குச்சியைத் தொட்டியில் போட்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கொடுடி, நான் வைக்கிறேன்" என்று அம்மா இரண்டு எட்டில் உள்ளே வந்துவிட்டாள். கை தீப்பெட்டியைப் பிடித்தேவிட்டது.

"அடுப்பு பக்கம் வராதே!"

ஒரு மூச்சில் வந்தது. திக்கவில்லை, தேயவில்லை, நடுவில் நிற்கவில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான வாக்கியம் அல்லவா, அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா தீப்பெட்டியை விட்டாள். தன் குரலையே யாரோ திருப்பி எறிந்தது போல ஒரு கணம் நின்றாள். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, சமையலறை வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது மகளின் முதுகு.

மின்னல் இந்தத் தடவை இடது கையை முதலிலேயே திருகின்மேல் வைத்துக்கொண்டாள், திருப்பாமல். அது அங்கேயே இருக்கட்டும், அதுபாட்டுக்கு. பிறகு தீப்பெட்டியை மேடை விளிம்பில் வயிற்றால் அழுத்திப் பிடித்து, வலது கையால் குச்சியை உரசினாள். யாரும் கற்றுக்கொடுக்காத வித்தை. குச்சி பற்றியது. பர்னர் அருகே கொண்டுபோனாள். திருகைத் திருப்பினாள்.

பொப் என்று நீலமாக ஒரு வட்டம் எழுந்தது.

'பத்திக்கிச்சு' என்று அவள் சொல்லவில்லை. அதுதான் எரிகிறதே. தண்ணீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தாள்.

போர்வை மடிக்கவும் போகவில்லை. தண்ணீர் ஓரங்களில் முணுமுணுத்து, நடுவில் குமிழ்விட்டு, கடைசியில் முழுதும் புரண்டு வரும்வரை அங்கேயே நின்று, ஆவி முகத்தில் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் இன்னும் கோபம்தான் இருந்தது. கோபத்தோடேயே டீத்தூள் போட்டாள், கோபத்தோடேயே வடிகட்டினாள். பாதி மேடையில் சிந்தியது. யாரும் துடைக்க வரவில்லை.

அவள் திருகை மூடினாள். ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிக்காரரிடம் போனாள்.

"வாங்க. டீ... குடிக்கிறீங்களா?"

மறுக்க அவருக்கு வழி தெரியவில்லை. வாங்கினார். "சரி சரி, இந்த மாசம் பாக்கலாம்" என்றார் தயங்கியபடி. "ஆனா நான் அப்பப்ப வந்து பாத்துக்கிட்டு இருப்பேன், ஆமா."

"பாத்துக்கிட்டே இருங்க சார்" என்றாள் ஜட்ஜம்மா. "நாங்க சாப்பிட்டுக்கிட்டே இருப்போம்."

எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் அவர் ஒரு பெரிய வாயாக உறிஞ்சினார். அடுத்த கணம் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு குதித்தார். "ஆ! யம்மா! சுடுதே!"

மின்னல் அவரைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற அம்மாவையும் பார்த்தாள். அம்மாவுக்கு இன்னும் ஊற்றவில்லை. ஊற்றுவாளா என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

"ஆமா" என்றாள் மின்னல். "சுடும்."